கல்லாற்றுப் பாறைக்கு ஒரு மெத்தை

கொஞ்சம் நகர்ந்து கிட்டே வாருங்கள் தங்கங்களே. வாசல் பக்கம் நிற்கிறவர்களும் உள்ளே வரலாம், இடம் கிடக்கிறது. கல்லாற்றில் ஒரு பாறையில் ஒரு பெண் பிள்ளை தொங்கிய கதையைச் சொல்கிறேன். நடுவில் உங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். வேர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

பொன்செல்வி என்று ஒருத்தி. மலையாள தேசத்துக் கரமனையில் ஒரு சோபாக் கடையில் வேலை. முன்பக்கம் கண்ணாடி போட்ட கடை. அவள் இருப்பது பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, தையல் மிஷினும் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஃபோமுமாக. சோபாவோ, கார் சீட்டோ, பல் டாக்டரின் நாற்காலியோ, மனிதர் உட்காருகிற எதற்கும் மெத்தை தைப்பாள். பதினான்கு வருஷப் பழக்கம். ஒரு சீட்டை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள் என்றால், அது எத்தனை வருஷத்தில் குழி விழும் என்று சொல்லிவிடுவாள். முதலாளியே அவளைக் கேட்டுத்தான் ஃபோம் எடுப்பார்.

புருஷன் லிங்கராஜுக்குச் சொந்த ஊர் பணகுடி. அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடிக்கிறவன். இவர்களுக்கு ஒரே மகள், ஷிஜா. பதினேழு வயது. அந்தப் பெண் ஒரு வருஷமாக நகரத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சுவர் ஏறப் பழகிக்கொண்டிருந்தாள். பாறை மாதிரியே பிடிகள் வைத்துச் செய்த சுவர். கயிறு கிடையாது. ஏற வேண்டியது, தவறினால் கீழே கிடக்கிற மெத்தையில் விழ வேண்டியது. போல்டரிங் என்று அதற்குப் பெயர்.

"கயிறு இல்லாம ஒருத்தன் ஏறுவானா? கோட்டி புடிச்சவன்தான் ஏறுவான்" என்பான் லிங்கராஜ்.

"அப்பா, நீங்க ஏறுறது இருபது மாடி. நாங்க பன்னெண்டு அடி, கேட்டோ" என்பாள் அவள்.

சுவர் ஏறிய பெண்ணுக்கு நிஜப் பாறையில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்று ஆசை வந்தது. பயிற்சி கொடுக்கும் மஹேஷ், "சின்னப் பாறையாப் பாத்து ஏறு. கீழே கிராஷ் பேட் இல்லாம ஏறாதே" என்று சொல்லி அனுப்பினார். கிராஷ் பேட் என்றால் அந்த விழுகிற மெத்தைதான். கூடத்து மெத்தையை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

"மெத்தைதானே? எவன்கிட்டயும் கேக்க வேண்டாம். நான் தைக்கேன்" என்றாள் பொன்செல்வி.

இங்கேதான் தங்கங்களே, தப்பு நடந்தது. மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே நடப்பதை நீங்கள் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும்.

மகளைக் கூப்பிடப் போனபோது அந்தக் கூடத்து மெத்தையைப் பொன்செல்வி ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தாள். மேல்புறம் பலகை மாதிரி விறைத்து நின்றது. 'இப்படி ஒரு சீட்டை எங்க கடையில குடுத்தா, ஆளு திருப்பிக் கொண்டுவந்து மூஞ்சியில எறிவான்' என்று நினைத்துக்கொண்டாள். தன் பெண்ணுக்கு இதைவிட நல்லதாகச் செய்ய வேண்டாமா? அடியில் இரண்டு அங்குலம் கெட்டி ஃபோம், மேலே நான்கு அங்குலம் பஞ்சு மாதிரி மெத்தென்ற ஃபோம். நல்ல சீட்டுக்கு அதுதான் முறை. பதினான்கு வருஷமாக அவள் கை அப்படித்தான் அடுக்கியிருக்கிறது.

ஆனால் உட்காருகிறவர் மெதுவாக உட்காருவார், அகலமாக உட்காருவார். விழுகிறவருக்கு இரண்டு குதிங்கால்தான். மேலே கெட்டியாக இருந்தால் அந்த அடி பரவி, அடியில் இருக்கும் மெத்தென்றது தாங்கும். மேலே மெத்தென்று இருந்தால் குதிங்கால் ஊசி மாதிரி உள்ளே இறங்கிக் கல்லைத் தொடும். சீட்டு தைக்கிறவளுக்கு இது எப்படித் தெரியும்?

மூன்று நாள் வேலை முடிந்த பிறகு கடையிலேயே இருந்து தைத்தாள். முதுகில் மாட்டித் தூக்கக் கீழ்ப்புறம் இரண்டு பட்டை வைத்து, அதில் இரும்புக் கொக்கியும் போட்டாள். மேல் துணிக்குக் கடையில் மிஞ்சிய பூப்போட்ட சோபாத் துணி. பார்க்கிறவர்களிடமெல்லாம், "தொட்டுப் பாருங்க, என் பிள்ளைக்குப் பஞ்சு மாதிரி தச்சிருக்கேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை கல்லாற்றுக்குப் போகப் பொன்முடி பஸ்ஸில் ஏறினார்கள். தாய், தகப்பன், மகள், கூடவே லிங்கராஜின் அக்கா மாடம்மாள். அவள் அன்னாசிப் பழமும் அதை நறுக்கக் கத்தியும், அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியுமாக ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். மெத்தை ஒரு சீட்டை முழுசாகப் பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் வந்து நின்றார். "சேச்சி, இதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும் கேட்டோ. ஜன்னல் சீட்டாக்கும் பிடிச்சிருக்கு."

"சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் உண்டா தம்பி?" என்றாள் மாடம்மாள். "இது பெறந்து ஒரு நாள்தான் ஆவுது. அம்மைக்காரி அங்க இருக்கா, கேட்டுக்க."

பஸ்ஸே சிரித்தது. பொன்செல்வியும் சிரித்தாள். ஷிஜா மட்டும் மெத்தையின் மேல் கையை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லாற்றில் மாசி மாதத்துத் தண்ணீர். ஆறு ஓரமாக ஒதுங்கி ஓட, பாறைகள் எல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரர் ஒருவரிடம் வழி கேட்டு, ஆள் முங்குகிற கயம் இருக்கும் பக்கத்தை விட்டு விலகி, ஒரு பாறையைக் கண்டுபிடித்தார்கள். கத்தியால் வெட்டிய அல்வாத் துண்டு போல ஒரு பக்கம் நேராக இறங்கியது. உச்சி மட்டும் உருண்டிருந்தது. லிங்கராஜின் தோள்மேல் இன்னொரு லிங்கராஜ், அவன் தோள்மேல் மூன்றாவது லிங்கராஜ் நின்றால் எவ்வளவோ அவ்வளவு உயரம். அடியில் மணல் இல்லை. கூழாங்கல், நடுவே மூக்கு நீட்டிய பெரிய கல்.

"சின்னப் பாறைன்னுதானே மஹேஷ் சார் சொன்னாரு?" என்றாள் பொன்செல்வி.

"பாதி வரைக்கும்தான்ம்மா ஏறுவேன்" என்றாள் ஷிஜா.

முதலில் லிங்கராஜ்தான் ஏறிப் பார்த்தான். மூன்று பிடி, நான்கு பிடி. அதோடு சரி. "நமக்கு இடுப்புல கயிறு இல்லேன்னா ஒண்ணும் ஓடாது" என்று சொல்லிக் குதித்தான். ஐந்தடி கூட இருக்காது. மெத்தையில் விழுந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு எட்டு நொண்டினான்.

"குதிங்கால்ல கல்லு தட்டுதே, செல்வி."

"எண்பது கிலோ வந்து விழுந்தா தட்டாதா?" என்றாள் அவள்.

"அவன் தின்ன பரோட்டா தட்டியிருக்கும்" என்றாள் மாடம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பொன்செல்வியின் நெஞ்சில் மட்டும் நூல் அறுந்தது போல ஏதோ ஒன்று. அந்த 'டக்' அவள் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் அது என்ன என்று யோசிக்கும் முன்பே ஷிஜா கையில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு பாறையில் கால் வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் ஏறுவதைப் பார்க்க வேண்டும். லிங்கராஜ் முரட்டுத்தனமாக இழுத்த இடத்தில் அவள் கால் விரலை ஒரு சின்ன மடிப்பில் வைத்து அப்படியே எழுந்தாள். பாதி வந்தது. அங்கே நின்று கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றியது. பாதி வரைக்கும்தான் என்று சொன்ன பெண், தன் சொல்லைத் தானே மறந்து இன்னும் இரண்டு பிடி மேலே போனாள்.

"ஏறிட்டாளே. எங்க அப்பன் பனையேறுன ரத்தம் சும்மாவா?" என்றாள் மாடம்மாள், அன்னாசியை நறுக்கிக்கொண்டே.

ஷிஜா இடது கையை உச்சிக்கு மேல் போட்டாள். அங்கே பாசி. கீழிருந்து பார்த்தால் தெரியாத வழவழப்பு. கை வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. பழைய பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள். மறுபடி போட்டாள். மறுபடி வழுக்கியது. மேலே வழி அடைபட்டது. இறங்கலாம் என்று வலது காலை விட்டுத் துழாவினாள். பாறை வயிறு தள்ளியிருந்ததால் கால் வைத்த மடிப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் காற்றில் ஆடியது.

"அம்மா" என்றாள். உரக்கக்கூட இல்லை. "எறங்க முடியல."

லிங்கராஜ் பாறைக்குக் கீழே ஓடிப்போய்க் கையைத் தூக்கி நின்றான். அவள் கால் எட்டவில்லை. ஆற்றுச் சத்தம் அப்போதுதான் எல்லார் காதிலும் விழுந்தது. மாடம்மாள் கையில் கத்தி அப்படியே நின்றது.

பொன்செல்வி மெத்தையின் பக்கத்தில் மண்டியிட்டாள். மகளுக்கு நேர் கீழே இருக்கிறதா என்று சரி பார்க்கத்தான் குனிந்தாள். குனிந்தவள், பழக்க தோஷம், உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

கை மணிக்கட்டு வரை இறங்கியது.

இரண்டாவது முறை குத்துவது போல அழுத்தினாள். முஷ்டி மெத்தென்றதைக் கடந்து, கெட்டி ஃபோமைத் தட்டி, அதற்கும் கீழே கல்லின் மூக்கு இருப்பதைச் சொன்னது. கூடத்து மெத்தை பலகை மாதிரி இருந்தது ஏன் என்று அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்தது. புருஷன் காலில் தட்டியது எண்பது கிலோ அல்ல என்பதும் புரிந்தது. ஐந்தடியில் இருந்து 'டக்'. மகள் தொங்குவது அதற்கு இரண்டு மடங்கு உயரத்தில்.

"ஏங்க, இதை எடுத்துத் திருப்பிப் போடணும்" என்றாள்.

"எதை?"

"மெத்தையை. தலைகீழாத் தச்சிருக்கேன்."

"தொடாத" என்றான் லிங்கராஜ். மேலே பார்த்த கண்ணை எடுக்கவில்லை. "மேல ஆளு நிக்கையில கீழ ஒரு சாமானை அசைக்கப்படாது. இருபது வருசமா இந்த ஒரு ரூலுலதான் நான் உசிரோட வீட்டுக்கு வாரேன். கையை எடு."

"உங்க ரூலு கட்டடத்துக்கு. இது சீட்டுங்க. நான் சீட்டு தச்சு வச்சிருக்கேன். உக்காரத்தான் ஆவும், விழுறதுக்கு ஆவாது."

"நீ எடுக்கையில அவ விழுந்தா?"

எடுக்கும்போது விழுந்தால் வெறும் கல். எடுக்காமல் விழுந்தால், பஞ்சு போர்த்திய கல். எத்தனையோ சீட்டுக்கு அடுக்கிய கை, இந்த ஒரு மெத்தை முன்னால் செயலற்றுப் போனது.

"உங்க குதிங்காலு எதுல தட்டுச்சு?" என்று கேட்டாள். "உள்ளதைச் சொல்லுங்க. மெத்தையிலயா, கல்லுலயா?"

அவன் அந்தக் குதிங்காலை ஒரு தடவை ஊன்றிப் பார்த்தான்.

"கல்லுலதான்."

"அப்போ நான் எடுக்கேன்."

லிங்கராஜ் காலை அகட்டி, கல்லின் மூக்குக்கு முன்னால் போய், மகளுக்கு நேர் கீழே நின்றான். அவள் விழுந்தால் முதலில் அவன் மேல்தான் விழ வேண்டும் என்று நின்ற நிற்பு அது.

பொன்செல்வி அண்ணாந்து பார்த்தாள். மகளின் முழங்கை நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது.

"ஷிஜா, கேளு. மெத்தையை ஒரு தடவை எடுத்துத் திருப்பிப் போடப் போறேன். இருபது எண்ணு. மெதுவா எண்ணு. அதுவரைக்கும் விடாத."

அந்தப் பெண் எண்ண ஆரம்பித்தாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கணக்கெல்லாம் அவளுக்கு மலையாளத்தில்தான் வரும்.

"ஒன்னு... ரண்டு..."

பொன்செல்வி மெத்தையை இழுத்தாள். ஆறு அங்குல மெத்தை, கட்டில் அகலம். மூன்று நாளாக எத்தனையோ தடவை புரட்டிய மெத்தை, இப்போது கல்லில் மாட்டிக்கொண்டு வரவில்லை. "மைனி, பிடிங்க" என்றாள். மாடம்மாள் மறு ஓரத்தைப் பிடித்தாள்.

"அஞ்சு... ஆறு..."

தூக்கிப் புரட்டினார்கள். கெட்டிப் புறம் மேலே வந்தது. வந்ததும் பொன்செல்வியின் கையில் இரும்பு தட்டியது. அந்தப் புறத்தில்தானே இரண்டு பட்டையும் இரும்புக் கொக்கியும்? மகளின் கால் வந்து விழும் இடத்தில், கட்டைவிரல் கனத்துக்கு இரண்டு இரும்பு. இப்படியே போட்டால் கணுக்கால் திருகிக்கொள்ளும்.

"கத்தி" என்றாள்.

"எட்டு..."

தையலில் கத்தியை வைத்தாள். இரட்டைத் தையல், மெழுகு நூல். விடவில்லை. யார் தைத்தது, விட்டுக்கொடுக்க? தையலை விட்டுவிட்டுப் பட்டையையே அறுத்தாள். அன்னாசிச் சாறு பட்ட கத்தி வழுக்கியது. மாடம்மாள் பட்டையின் நுனியை மிதித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தாள். முதல் பட்டை அறுந்தது.

"பதினொன்னு... பந்த்ரண்டு..."

பன்னிரண்டில் எண்ணிக்கை நின்றது. மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். ஒரு கால் பிடியை விட்டுவிட்டது. பாறையில் செருப்புத் தேய்வது போல ஒரு சத்தம். கொஞ்சம் பொடி லிங்கராஜின் முகத்தில் உதிர்ந்தது. அவன் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

"எண்ணு மக்ளே" என்றான் அவன். "அப்பன் இங்கதான் நிக்கேன். எண்ணு."

"பதிமூன்னு" என்றாள். அழுகிற குரல். "பதினாலு."

இரண்டாவது பட்டை பாதியில் நின்றது. பொன்செல்வி கத்தியைப் போட்டுவிட்டு, பட்டையைக் கையில் சுற்றி, முட்டியை மெத்தையில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். விரல் இடுக்கில் தோல் போனது. பட்டையும் போனது.

"பதினேழு."

தள்ளினார்கள். மெத்தை லிங்கராஜின் கணுக்காலில் முட்டியது. அவன் ஒரு காலைத் தூக்கி வழிவிட்டு, மறு காலைத் தூக்கி வழிவிட்டான். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. மெத்தை கல்லின் மூக்கை மூடியது. பொன்செல்வி உள்ளங்கையால் அழுத்தினாள். பலகை மாதிரி நின்றது.

"இருபது" என்றாள் ஷிஜா. "இருபத்தொன்னு. அம்மா, விடட்டா?"

தங்கங்களே, பிள்ளையிடம் பிடித்துக்கொள் என்று சொல்லத்தான் எந்தத் தாய்க்கும் வாய் வரும். ஒரு தடவை தப்பாகச் செய்த கை, இரண்டாவது தடவை சரியாகத்தான் செய்ததா என்று யார் சொல்வது? ஆனால் அங்கே அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவள் பொன்செல்வி ஒருத்திதான்.

"விடு" என்றாள். "முழங்காலை மடக்கி விழு. விடு மக்ளே."

விட்டாள்.

இந்தத் தடவை 'டக்' இல்லை. கனமாக, அகலமாக ஒரு சத்தம். குதிங்கால் விழுந்து, இடுப்பு விழுந்து, லிங்கராஜ் அவள் முதுகைத் தாங்கித் தள்ள, இரண்டு பேருமாக மெத்தையை விட்டு உருண்டு கூழாங்கல்லில் உட்கார்ந்தார்கள். அவன் உட்கார்ந்த இடம் தண்ணீர்.

பொன்செல்வி மகளின் இரண்டு கணுக்காலையும் பிடித்து அழுத்தினாள். பாதத்தை அழுத்தினாள். விரலை ஆட்டச் சொன்னாள். பத்து விரலும் ஆடின. முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"நான் உன்னைக் கொன்னிருப்பேன்" என்றாள். "சீட்டு மாதிரி தச்சுட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு."

ஷிஜா குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மேல சாஃப்டா இருக்கக் கூடாதுன்னு. நேத்து வீட்டுல வச்சுத் தொட்டுப் பாத்தப்பவே தெரியும்."

லிங்கராஜ் தண்ணீரில் இருந்து எழுந்தவன், பாதியில் நின்றான்.

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?" என்றாள் பொன்செல்வி.

"நீ மூணு நாளா உக்காந்து தச்ச. பக்கத்து வீட்டுலயும் கடையிலயும் எல்லார்கிட்டயும் பஞ்சு மாதிரி, பஞ்சு மாதிரின்னு சொல்லிட்டு நடந்த. நான் எப்படிம்மா சொல்லுவேன்? பாதி ஏறிட்டு எறங்கிரலாம்னு நெனச்சேன். உனக்கு விஷமம் ஆவும், மனசு கஷ்டப்படும்னு."

பொன்செல்விக்குக் கோபம் வந்தது. பயம் போன இடத்தில் வரும் கோபம், அது பெரிது.

"எனக்கு மனசு நோவக் கூடாதுன்னு உன் காலைக் குடுப்பியா? நீ ஒடிஞ்சு கெடந்தா நான் அந்த மிஷினு முன்னால மறுபடி உக்காருவேனாடி? ஊசியைத் தொடுவேனா?"

ஷிஜா அழுதாள். மாடம்மாள் அன்னாசித் துண்டு ஒன்றை எடுத்து அவள் வாயில் திணித்தாள். "தின்னுட்டு அழு" என்றாள். அப்போதைக்கு அவளுக்கு வந்த நகைச்சுவை அவ்வளவுதான்.

பொன்செல்வி விரலில் வழிந்த ரத்தத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மெத்தையைத் தன் பக்கம் இழுத்து, மகளுக்கு எதிரே வைத்து உட்கார்ந்தாள்.

"சரி. இன்னும் என்ன தப்பு இருக்கு இதுல? சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா."

"ஷிஜா."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டினாள்.

"ஓரம். ஓரத்துல கால் பட்டா மடங்கும். ஓரமும் கெட்டியா வேணும்."

"ம்."

"பட்டை மேல வரவே கூடாது. பக்கத்துல வைக்கணும்."

"ம். அப்புறம்?"

"அப்புறம்..." மாடம்மாளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "இந்தத் துணி. அத்தை வீட்டு சோபா மாதிரியே இருக்கு."

"என் சோபாவுக்கு என்னட்டி கொறை?" என்றாள் மாடம்மாள்.

லிங்கராஜ்தான் முதலில் சிரித்தான். ஈரக் கால்சட்டையோடு கல்லில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தான். சிரிப்பா வேறு எதுவா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

"சிரிக்காதீங்க" என்றாள் பொன்செல்வி. "நீ சொல்லு. இன்னும் சொல்லு."

பட்டை இல்லாத மெத்தையை லிங்கராஜ் தலையில் சுமந்து ரோட்டுக்கு ஏறினான். பின்னால் தாயும் மகளும் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பெண் தப்புகளைச் சொல்லச் சொல்ல, தாய் எங்கே வெட்டலாம், எதை ஒட்டலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சில இடத்தில் சண்டையும் வந்தது. பஸ் விதுரை ஊரைத் தாண்டியும் அந்தப் பேச்சு முடியவில்லை.

கதை இவ்வளவுதான் தங்கங்களே, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த உயரத்துக்கு ஏறினாலும் பத்து விரலும் ஆட, முழுக் காலோடு வாசல் மிதித்து வரட்டும். உங்கள் வீட்டில் உழைக்கிற கைகளுக்குத் தெம்பு குறையாதிருக்கட்டும். சின்னவர்கள் 'இது சரியில்லை' என்று சொல்லும்போது பெரியவர்கள் முகம் வாடாதிருக்கட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட, நன்றாக இருங்கள்.